விறகின் இருப்பும் தேவையும்: வரைபடத்தில் போட வேண்டிய கணக்கு

[திரையில்: ஒரு நாட்டின் வரைபடம், அதன் நடுவே ஒரே ஓர் எண்]

வணக்கம். ஒரு நாடு ஓராண்டில் எரிக்கும் விறகையும், அந்நாட்டு மரங்கள் அதே ஆண்டில் புதிதாக வளரும் அளவையும் ஒப்பிட்டு, "போதும்" என்றோ "போதாது" என்றோ கூறிவிடலாம். ஆற்றல் திட்டமிடலுக்கு அந்த ஒற்றை எண் பெரிதும் உதவாது. விறகு கனமானது, விலை குறைந்தது. தலைச்சுமையாகச் சில கிலோமீட்டருக்கு மேல் அது பயணிப்பதில்லை. ஒரு மூலையில் மிஞ்சும் விறகு மறுமூலையின் அடுப்புக்குப் போய்ச் சேராது.

1970களில் இத்தகைய மொத்தக் கணக்குகளை வைத்தே, விறகுத் தேவை பல வளரும் நாடுகளின் காடுகளை அழித்துவிடும் என்று எச்சரிக்கப்பட்டது. அந்த அளவுக்கு நிகழவில்லை. வீட்டு விறகில் பெரும்பங்கு வரப்போர மரங்களிலும் தோப்புகளிலும் தரிசுகளிலும் பொறுக்கிய சுள்ளிகளும் கழித்த கிளைகளுமாக இருந்ததை அந்தக் கணக்குகள் காணவில்லை. காட்டை மட்டுமே பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

[திரையில்: வரைபடம் சிறு கட்டங்களாகப் பிரிகிறது]

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2003இல் வெளியிட்ட 'விஸ்டம்' என்னும் முறை, கணக்கை இடவாரியாகப் பிரிக்கிறது. மெக்சிகோ, செனகல், ஸ்லோவேனியா ஆகிய நாடுகளில் இது முதலில் பயன்படுத்தப்பட்டது.

தேவையைக் கணிக்க, மக்கள்தொகைக் கணக்கும் வீட்டு ஆய்வுகளும் வேண்டும். செங்கல் சூளை, உணவகம் போன்றவற்றையும் சேர்க்க வேண்டும். மரக்கரியை அதன் எடையில் அல்லாமல், அதற்காக எரிந்த விறகின் எடையில் எழுத வேண்டும், ஏனெனில் விறகை மண்ணால் மூடிக் கரியாக்கும் பாரம்பரிய மூட்டத்தில் ஒரு டன் கரி எடுக்க 5 முதல் 10 டன் விறகு செலவாகலாம். ஈரப்பதத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எடையில் பாதி நீராக உள்ள பச்சை விறகு, நன்கு காய்ந்த விறகு தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியையே தரும்.

இருப்புப் பக்கம்தான் சிக்கலானது. நிற்கும் மரம் முழுவதையும் எண்ணுவது பிழை. ஆண்டுதோறும் வளரும் அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் செங்குத்தான சரிவில் இருப்பது, சட்டம் தடுத்த வனத்தில் இருப்பது, மரச்சாமானுக்குப் போவது ஆகியவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவதே அடுப்புக்கு உரியது.

[திரையில்: கட்டங்கள் பச்சையும் சிவப்புமாகின்றன, ஒரு நகரைச் சுற்றி வளையம் விரிகிறது]

ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பிலிருந்து தேவையைக் கழித்தால் உபரியும் பற்றாக்குறையும் வண்ணங்களாகத் தெரியும். நகரங்கள் மட்டும் இதில் அடங்குவதில்லை: லாரியில் ஏறும் கரி தொலைவிலிருந்து வருகிறது. ஆகவே, ஒரு நகரின் தேவை ஈடாகும் வரை சுற்றெல்லையை விரித்து, அதன் விறகு வரும் பரப்பைத் தனியே வரைகிறார்கள்.

இவ்வழியில் செய்யப்பட்டு 2015இல் வெளியான உலகளாவிய ஆய்வு, 2009இல் எடுக்கப்பட்ட எரிவிறகில் 27 முதல் 34 விழுக்காடு வரை மட்டுமே மறுவளர்ச்சியை மிஞ்சியது என மதிப்பிட்டது. அது தெற்கு ஆசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் குவிந்திருந்தது.

திட்டமிடுவோர் சிவப்பு நிறம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தரக் கூடாது. நகரக் கரியால் சிவந்த இடத்தில் மூட்டத்தின் திறனை உயர்த்துவதும் மாற்று எரிபொருளும் பயன் தரும். சிற்றூர்களின் சொந்தத் தேவையால் சிவந்த இடத்தில் வயலோர மர வளர்ப்பு கூடுதலாக உதவும். பச்சைக் கட்டத்தில் வழங்கப்படும் மேம்பட்ட அடுப்பு புகையைக் குறைக்கும். ஆனால் அங்கே எரியும் விறகு மறுவளர்ச்சிக்குள் அடங்குவதால், மிச்சமாகும் விறகு முழுவதையும் காப்பாற்றிய காடாகக் கணக்கெழுதிக் கார்பன் வரவு (கரியமில வாயுவைக் குறைத்ததற்காகப் பெற்று விற்கக்கூடிய சான்று) கோருவதை ஏற்க முடியாது.