இஞ்சியும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்

வணக்கம் நேயர்களே. கர்ப்பகாலத்துல இயற்கையான முறையில ஆரோக்கியமா இருக்கறது எப்படின்னு பேசுங்கன்னு நிலையத்துல இருந்து கேட்டாங்க, நான் கர்ப்பிணிகளுக்கு சாப்பாட்டு ஆலோசனை சொல்ற வேலையில இருக்கறதால சரின்னுட்டேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், டாக்டர் குடுத்த மாத்திரையை ஓரமா வச்சிட்டு கஷாயத்துக்கு மாறுங்கன்னு சொல்ல நான் வரலீங்க. சாப்பாடு, நடை, தூக்கம் இதுலயே ஏகப்பட்டது சரி பண்ணலாம், அது ஒரு பக்கம், மாத்திரை இன்னொரு பக்கம், ரெண்டும் சண்டை போட்டுக்கற விஷயமே இல்ல.

மசக்கையில இருந்து ஆரம்பிக்கலாம். காலையில எந்திரிச்ச உடனே வயித்தைப் பிரட்டுதுன்னா, படுக்கைக்குப் பக்கத்துலயே ரெண்டு பிஸ்கட் வச்சுக்குங்க, அதை மெதுவா மென்னுட்டு ஒரு கால்மணி நேரம் கழிச்சு எந்திரிங்க. வயிறு காலியா இருந்தா குமட்டல் ஜாஸ்தியாகும், அதனால மூணு வேளை நிறைய சாப்பிடறதை விட கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை சாப்பிடறது நல்லது. தாளிக்கிற வாசனையே ஆகலன்னா ஆறின சாப்பாடா சாப்பிடுங்க, சூடா இருந்தாதான் வாசனை தூக்கும். அப்புறம் இஞ்சி. இது வெறும் பாட்டி வைத்தியம்னு நினைக்காதீங்க, உலக சுகாதார அமைப்பு 2016ல வெளியிட்ட கர்ப்பகால வழிகாட்டுதல்லயே ஆரம்ப மாச குமட்டலுக்கு இஞ்சியும் வைட்டமின் பி6ம் இருக்கு. சின்ன துண்டு தட்டிப் போட்டு வெந்நீர்ல கொதிக்க வச்சு குடிக்கறது போதும், கேப்ஸ்யூலா வாங்கி முழுங்கறதுன்னா கேட்டுட்டு பண்ணுங்க. ஆனா தண்ணி கூட வயித்துல நிக்கல, யூரின் அடர் மஞ்சளா கொஞ்சமாதான் போகுது, வெயிட் குறைஞ்சிட்டே வருதுன்னா அது இஞ்சியில நிக்கற மசக்கை இல்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

இப்ப இரும்புச்சத்து. இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா நான் பார்க்கறதுல நிறைய பேரு கோட்டை விடறது இங்கதான். கர்ப்பகாலத்துல உடம்புல ரத்தத்தோட அளவு கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஆகுது, அதுல தண்ணிப்பகுதி வேகமா ஏறும், சிவப்பணு அந்த அளவுக்கு ஏறாது, அதனால ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கறது சகஜம். 11க்குக் கீழ போனா ரத்தசோகைன்னு கவனிக்க ஆரம்பிப்பாங்க. கீரை, பருப்பு, முட்டை, கறி எல்லாத்துலயும் இரும்பு இருக்கு, ஆனா கீரை பருப்புல இருக்கறதை உடம்பு அவ்வளவு சுலபமா எடுத்துக்காது, கூடவே எலுமிச்சையோ ஆரஞ்சோ கொய்யாவோ சேர்த்தா நல்லா எடுத்துக்கும். அதே சாப்பாட்டை முடிச்ச கையோட டீ குடிச்சீங்கன்னா அந்த இரும்புல ஒரு பங்கு வீணாப் போயிடும். காபியும் அப்படித்தான். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. சில பேரு இரும்பு மாத்திரையையே டீயோடயோ பாலோடயோ போடுவாங்க, கால்சியம் மாத்திரையும் சேர்த்து ஒரே வாய்ல முழுங்கிடுவாங்க, அப்புறம் மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறலன்னு வருவாங்க. ரெண்டு மாத்திரையையும் வேற வேற வேளைக்கு வச்சுக்குங்க. இரும்பு மாத்திரை போட்டா மலம் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திடாதீங்க.

நான் தினமும் கீரை சாப்பிடறேனே எனக்கு எதுக்கு ஃபோலிக் ஆசிட்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். கீரையில ஃபோலேட் இருக்கு, ஃபோலிக் ஆசிட்டோட இயற்கை வடிவம்தான் அது, ஆனா சமைக்கும்போது நிறைய போயிடுது. குழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகற அந்தக் குழாய் கரு உண்டாகி 28 நாளைக்குள்ள மூடிடும், அது சரியா மூட இந்தச் சத்து வேணும், ஆனா அந்த நேரத்துல நிறைய பேருக்கு தான் கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது. அதனாலதான் குழந்தைக்கு பிளான் பண்ணும்போதே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை ஆரம்பிச்சிடுங்கன்னு சொல்றது.

ரெண்டு உசுருக்கு சாப்பிடணும்னு தட்டுல குவிக்கறதெல்லாம் வேண்டாங்க. முதல் மூணு மாசம் கூடுதலா ஒண்ணுமே தேவையில்ல, நடு மாசங்கள்ல ஒரு நாளைக்கு சுமாரா 340 கலோரி கூடவே சாப்பிட்டா போதும், அது ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான்.

நடைக்கு வருவோம். டாக்டர் ஓய்வுல இருக்கச் சொல்லல, ரத்தக்கசிவு இல்ல, நஞ்சுக்கொடி கீழ இறங்கலன்னா வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடற்பயிற்சி பண்ணலாம், பிரிச்சா வாரத்துல அஞ்சு நாள் அரைமணி நேரம். வேகம் சரியான்னு பார்க்க மெஷின்லாம் வேண்டாம், நடந்துக்கிட்டே பேச முடியணும், பாட முடியக்கூடாது. பேசவே மூச்சு வாங்குதுன்னா குறைச்சுக்குங்க.

ராத்திரியில கெண்டைக்கால் பிடிச்சிக்கும் பாருங்க, கல்லு மாதிரி இறுகி தூக்கத்துல இருந்து அலற வைக்கும், அப்ப காலை மடக்காதீங்க. முட்டியை நீட்டி வச்சு கால் விரல்களை உங்க மூஞ்சிப் பக்கமா இழுங்க, எட்டலன்னா வீட்டுக்காரரை எழுப்பி இழுக்கச் சொல்லுங்க, அவரும் கொஞ்சம் கஷ்டப்படட்டும். படுக்கறதுக்கு முன்னாடி சுவத்துல கை ஊணி கெண்டைக்காலை ஸ்ட்ரெச் பண்ணிட்டுப் படுங்க. 28 வாரத்துக்கு மேல மல்லாக்க படுத்துத் தூங்க வேண்டாம், ஒருக்களிச்சு படுங்க, இடது வலது எதுவானாலும் சரி. நடுவுல முழிச்சுப் பார்த்தா மல்லாந்து கிடக்கறீங்களா, பதறாம திரும்பிப் படுங்க. மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தும் தண்ணியும்தான், நெஞ்செரிச்சலுக்கு சாப்பிட்ட உடனே படுக்காம இருக்கறதுதான், இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல.

இனி நான் கொஞ்சம் கண்டிப்பா பேசப்போறேன். செடியில இருந்து வந்ததுன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது ரொம்ப தப்பு. அதிமதுரம் நிறைய எடுத்தா பிபி ஏறும், பொட்டாசியம் குறையும். மலச்சிக்கலுக்குன்னு குடுக்கற சில மூலிகைப் பொடிகள் குடலை முறுக்கி எடுத்துடும். லேபிளே இல்லாத பொட்டலத்துல ஈயம் கலந்திருந்து அதைச் சாப்பிட்டவங்களுக்கு விஷமான கதையெல்லாம் நடந்திருக்கு, ஈயம் குழந்தைக்கும் போகும். ஈரலும் இயற்கைதானே, ஆனா அதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி, அளவு மீறினா குழந்தையோட வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பத்துல தள்ளியே வைங்க. காய்ச்சாத பச்சைப் பாலும் அதே லிஸ்ட்தான். அதனால வாய்ல போடற பொடி, லேகியம், டானிக் எதுவா இருந்தாலும் பாக்கெட்டோட செக்கப்புக்கு எடுத்துட்டுப் போய் காட்டுங்க, திட்டுவாங்களோன்னு மறைக்காதீங்க.

கடைசியா, வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லாத விஷயங்கள். விடாத தலைவலி, கண்ணு மங்கறது, திடீர்னு மூஞ்சி கை வீங்கறது, மேல் வயித்துல வலி, இதெல்லாம் 20 வாரத்துக்கு மேல வந்தா பிபி ஏறியிருக்கலாம். உள்ளங்கை உள்ளங்கால்ல தாங்க முடியாத அரிப்பு, அதுவும் ராத்திரியில, வந்தா எண்ணெய் தடவிட்டு விட்டுடாதீங்க, ஈரலுக்கு ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும். ரத்தக்கசிவு, பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போறது, சொல்லவே வேண்டாம். குழந்தையோட அசைவு வழக்கத்தை விட குறைஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, இனிப்பு சாப்பிட்டுப் பாரு, காலையில பார்த்துக்கலாம்னு யாரு சொன்னாலும் கேட்காதீங்க, மணி எத்தனையா இருந்தாலும் உடனே கிளம்புங்க. நன்றி, வணக்கம்.