படப்பெட்டி எங்கே?

(எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுநிலை அதிபர் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பங்குத்தந்தை அவர்களே, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஓடி வந்திருக்கும் கலாசார உத்தியோகத்தர் அம்மா அவர்களே, எந்த விழாவுக்கும் தவறாமல் வந்து முன்வரிசையில் அமரும் கிராம அலுவலர் அவர்களே, வாசிகசாலையின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, தாய்மாரே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளரிடம் எனக்கு ஒரு தனி அலுவல் இருக்கிறது. அது பிறகு.

அதிபர் ஐயா என்னைப் பழைய படப் பைத்தியம் என்று அறிமுகப்படுத்தினார். அது உண்மை, மறுக்க மாட்டேன். யாழ்ப்பாணம் வெலிங்டன் தியேட்டர் கலரியில் அவரும் நானும் ஒன்றாக விசிலடித்தோம் என்பதை அவருடைய மாணவர்கள் இருக்கும் சபையில் சொல்வது முறையல்ல. ஆகவே சொல்லவில்லை.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'பழைய படங்களில் என்ன இருக்கிறது?' மூன்று விடயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று முகம், இரண்டு பாட்டு, மூன்று வசனம்.

முதலில் முகம். 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தன் தகப்பனுக்குப் பேய்க்கதை சொல்லும் கட்டத்தை இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். கதவுச் சத்தமும் காற்றுச் சத்தமும் அவர் வாயிலிருந்துதானே வருகின்றன. அடுத்த முறை அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து கேட்கும் தகப்பன் பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் 'இவனுக்கு வேறு வேலையில்லை' என்ற அலட்சியம். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, கடைசியில் அவ்வளவு பெரிய மனிதர் ஒரு சின்னப் பிள்ளையாகிவிடுகிறார். இத்தனைக்கும் அவர் பேசுவது மிகக் குறைவு. இன்று அந்தக் கட்டத்தை எடுத்தால் அந்த முகத்தை அவ்வளவு நேரம் காட்டப் பொறுமை இருக்குமா? பத்துத் துண்டாக வெட்டி, பின்னால் டமடம என்று இசை போட்டு விடுவார்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) இன்னொன்று. நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் மூச்சு வாங்கும் இடமும் வாசிப்போடு அப்படியே பொருந்தும். நாதஸ்வர தவில் வித்துவான்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஊர் இது. இங்கே கோயில் வீதியில் விடிய விடியக் கச்சேரி கேட்ட கிழவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'பெடியன் சரியாய்த்தான் பிடிக்கிறான்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்கு மேல் விருது வேண்டுமா?

பாலையா என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது.

அந்தக் காலத்தில் ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டும் வழக்கம் இருந்தது. அங்கே ஒரு றீல் முடிந்ததும் அதைப் பெட்டியில் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டி, ஒரு பெடியன் இங்கே கொண்டுவர வேண்டும். ஆயிரம் அடி றீல் என்றால் ஓடுவது பதினொரு நிமிடம்தான். அந்தக் கணக்கில் பெடியன் மிதிக்க வேண்டும். படம் 'திருவிளையாடல்'. தியேட்டரின் பெயர் வேண்டாம். ஹேமநாத பாகவதராகப் பாலையா பாண்டிய நாட்டுக்கு வரும் கட்டம் நெருங்கும் நேரம் திரை வெள்ளையாகிவிட்டது. பெடியன் வரவில்லை. கொக்குவில் றெயில் கேற் பூட்டியாம், யாழ்தேவி வரவேண்டுமாம். யாழ்தேவி என்றைக்கு நேரத்துக்கு வந்தது?

சனம் முதலில் கச்சான் கொறித்தது. பிறகு சரைக் கடதாசியை உருட்டி முன்னுக்கு இருந்தவர்களின் தலையில் எறிந்தது. கலரியில் ஒரு அண்ணை எழும்பி, மேலே கிடந்த சால்வையை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தருமி புலம்பும் கட்டத்தை முழுக்க நடித்துக் காட்டினார். நாகேஷுக்குக் கிடைக்காத கைதட்டு அவருக்குக் கிடைத்தது. பல்கனியில் இருந்த ஒரு டாக்குத்தர் இரண்டு ரூபாயைக் கசக்கிக் கீழே எறிந்தார். அண்ணை குனிந்து பொறுக்கி, 'பொற்கிழியில் குறையுது ஐயா' என்றார்.

அந்த நேரம் பார்த்து றீல் வந்துவிட்டது. ஒன்றல்ல, கேற்றடியில் நின்ற நேரத்துக்குள் பின்னால் துரத்தி வந்த மற்றப் பெடியனுடையதும் சேர்ந்து இரண்டு. ஒப்பரேட்டர் இருந்த அவசரத்தில் எதை முதலில் போடுவது என்று பார்க்கவில்லை. திரையில் பாலையா வருகிறார். எப்படி வருகிறார்? விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு மிரண்டு, மூட்டை முடிச்சோடு இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகிறார். சனம் திகைத்துப்போய் இருக்கிறது, 'இவர் எப்ப வந்தவர்?' அடுத்த றீல். ஓடிப்போன அதே பாலையா பட்டும் நகையுமாக அரசவைக்குள் நடந்து வந்து, என்னை வெல்லப் பாண்டிய நாட்டில் ஆள் உண்டோ என்கிறார். கலரியில் இருந்து ஒரு குரல்: 'ஐயா, இப்பதானே ஓடினீர்! என்ன, செருப்பை விட்டுட்டுப் போட்டீரோ?' அதற்குப் பிறகு படத்தை யார் பார்த்தது! சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். காசைத் திருப்பிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

சரி. சிரித்தது போதும். அந்தப் படப்பெட்டி இப்போது எங்கே? என் அம்மம்மா எதற்கெடுத்தாலும் சொல்லுவா, 'கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்' என்று. நான் இன்று இங்கே வந்தது உண்மையில் அதைச் சொல்லத்தான்.

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. 1950களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைத்திரேற் பிலிம் தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதற்குப் பின் வந்த அசற்றேற் பிலிம் அப்படி எரியாது, ஆனால் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் அழுகும். பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணக்கும். மணந்தால் கதை முடிந்தது. மிச்சத்தை வெள்ளி எடுப்பதற்காக உருக்கினார்கள்.

தப்பிய ஒன்றைச் சொல்கிறேன். 'மார்த்தாண்ட வர்மா' என்ற பேசாப்படம், 1933. நாவலின் உரிமை தொடர்பாக வழக்கு வந்து படம் முடங்கியது. எடுத்தவருக்குப் பெருநட்டம். ஆனால் பிரதி நாவலை வெளியிட்ட திருவனந்தபுரம் புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1970களில் பூனே திரைப்படக் காப்பகத்தின் பி. கே. நாயர் அதைத் தேடி எடுத்தார். வெற்றியாய் ஓடிய படங்கள் தேய்ந்து அழிய, தோற்ற படம் புத்தகங்களுக்கு நடுவில் பிழைத்துக்கொண்டது. படத்தைக் காக்கப் பெரிய மாளிகை தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்முடைய கதை இன்னும் மோசம். 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் எத்தனைக்கு இன்று நல்ல பிரதி இருக்கிறது? 1972இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வி. எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த நம் யாழ்ப்பாண நூலகத்தை மீளக் கட்டும் பணியில் நின்றவரும் அவரே. ஒரே மனிதர் படமும் எடுத்தார், நூலகமும் கட்டினார். நூலகம் நிற்கிறது. படங்கள்?

இணுவிலில் பிறந்த தவமணிதேவியை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, எல்லாம் நரைத்த தலை! 1940இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை'யில் மேனகை அவர்தான். 'வனமோகினி' (1941) அவருடைய படம். எம்.ஜி.ஆர். முதன்முதல் கதாநாயகனான 'ராஜகுமாரி'யிலும் (1947) நடித்தார். எம்.ஜி.ஆர். மலையகத்தில் பிறந்தவர் என்பதை ஆளுக்கு ஆள் சொல்லுகிறோம், பக்கத்து ஊர்ப் பெண்ணை மறந்துவிட்டோம். எங்கள் ஊர் வீடுகளில் அவருடைய பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்திருக்காதா? இருந்திருக்கும். வெள்ளையடிக்கும்போது எரித்திருப்போம். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்!

பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கேட்கத் தமிழ்நாட்டில் றேடியோவைத் திருப்பிக் காத்திருந்தார்கள். அவர்களுடைய பாட்டையே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து ரசிக்க வைத்தது நம் வானொலி. மற்றதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள், தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். மன்னிக்க வேண்டும் ஐயா, இன்னும் ஐந்து நிமிடம்.

நான் கேட்பது பெரிய மண்டபம் அல்ல. இந்த வாசிகசாலையின் பின் அறை. இப்போது அதில் உடைந்த கதிரைகளும் போன தேர்தலின் சுவரொட்டிகளும் கிடக்கின்றன. அதைத் துப்புரவாக்கி, கறையான் ஏறாத இரும்பு அலுமாரி இரண்டு வைக்க வேண்டும். பாட்டுப் புத்தகங்கள், பட நோட்டீசுகள், இசைத்தட்டுகள், றீகல், வின்சர், மனோகரா தியேட்டர்களின் வாசலில் நின்று எடுத்த குடும்பப் படங்கள், கலரி ரிக்கற் துண்டுகூட வேண்டும். கடதாசிகளை ஸ்கான் செய்து ஏற்றுவதற்கு, 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து வரும் நூலகம் நிறுவனத்தைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. உலகப் படங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம் சொந்தச் சரக்கைக் காட்ட ஒரு அறை வேண்டாமா? கலாசார உத்தியோகத்தர் அம்மா குறித்துக்கொள்வதைக் காண்கிறேன். நன்றி அம்மா.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கோயிலுக்குக் கோபுரம் கட்டக் காசு அனுப்புகிறார்கள். குருக்கள் ஐயா கோபிக்கக் கூடாது, ஒரு கலசத்தின் விலையில் இரண்டு அலுமாரியும் வந்துவிடும். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று செயற்குழு சொல்லப் போகிறது என்று எனக்குத் தெரியும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று அப்போதும் சொல்லுவேன்.

இனிப் பொருளாளரின் அலுவல். விழா முடிந்ததும் அவர் வாசல் மேசையில் கொப்பியோடு இருப்பார். வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிப் பெயரைப் பதியுங்கள். பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால் ரசீது தருவார். திருப்பி வேண்டும் என்றால் ஸ்கான் செய்த பிறகு திருப்பிக் கிடைக்கும். அட்டை இல்லாவிட்டாலும், பூச்சி அரித்திருந்தாலும் கொண்டுவாருங்கள். முதல் பெயராக என்னுடையதை எழுதியாயிற்று. இரண்டாவது பெயர் அதிபர் ஐயாவுடையது. அவரிடம் இன்னும் கேட்கவில்லை.