ஹூஸ்டன் இல்லாத ஹூஸ்டன் கவுண்டி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வந்ததும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் என்றொரு பெருநகரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதே மாநிலத்தில் ஹூஸ்டன் கவுண்டி என்றும் ஒன்று உண்டு. கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஹூஸ்டன் நகரம் எந்தக் கவுண்டியில் இருக்கிறது?

ஹாரிஸ் கவுண்டியில்! ஓரங்கள் பக்கத்துக் கவுண்டிகளிலும் கொஞ்சம் பரவியிருக்கின்றன, அவ்வளவுதான். ஹூஸ்டன் கவுண்டிக்குப் போக வடக்கே காரில் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கே தலைமை ஊரின் பெயர் கிராக்கெட். சரி, கிராக்கெட் கவுண்டியும் அந்தப் பக்கத்தில்தானே இருக்கும் என்று கேட்டால், அது மேற்கே பல நூறு மைல் தள்ளி, செம்மறியாடு மேயும் வறண்ட பூமியில் கிடக்கிறது. ஹெண்டர்சன் நகரம் ரஸ்க் கவுண்டியில், ரஸ்க் நகரம் செரோக்கி கவுண்டியில். மாநிலத் தலைநகர் ஆஸ்டின் இருப்பது டிராவிஸ் கவுண்டியில். ஆஸ்டின் கவுண்டி வேறெங்கோ இருக்கிறது. அந்தக் காலத்துத் தபால்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

காரணம் எளிது. 1836-இல் டெக்சாஸ் மெக்சிகோவிடமிருந்து பிரிந்து தனிக் குடியரசானது. போரில் நின்றவர்கள், அலமோ கோட்டையில் மாண்டவர்கள் என்று ஒரு சிறு வீரர் கூட்டம். பெயர் வைக்க வேண்டிய இடங்களோ ஏராளம். நகரம் அமைத்தவன் ஒரு வீரனின் பெயரை வைத்தான். எங்கேயோ கவுண்டி பிரித்த சட்டமன்றமும் அதே வீரனின் பெயரை வைத்தது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கவுண்டி என்ன செய்யும்? நிலப் பத்திரம், சொத்து வரி, சாலை, ஷெரிஃப் என்ற காவல் அதிகாரி, சிறை எல்லாம் அதன் கையில். 'கவுண்டி ஜட்ஜ்' என்ற பதவியைக் கேட்டு நீதிபதி என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கவுண்டிகளில் அவர் வழக்கு விசாரிப்பதே அபூர்வம். அவர்தான் நிர்வாகத் தலைவர். குடியரசு பிறந்தபோது 23 கவுண்டிகள் இருந்தன. இப்போது 254. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. டெலாவேரில் மொத்தமே மூன்றுதான்.

டெக்சாஸ் வரைபடம் கையில் கிடைத்தால் வடமேற்கு மூலையைப் பாருங்கள். கோலம் போடுவதற்கு முன் புள்ளி வைத்த மாதிரி, சதுரம் சதுரமாகக் கவுண்டிகள். கிழக்கே ஆற்றையும் ஓடையையும் எல்லையாகப் பிடித்தவர்கள், இங்கே அடிக்கோலை வைத்தே இழுத்துவிட்டார்கள். 1876 ஆகஸ்டில் ஒரே சட்டத்தில் 54 கவுண்டிகளை உருவாக்கினார்கள். பல கவுண்டிகள் பக்கத்துக்கு 30 மைல். பெயர் வந்துவிட்டது, எல்லை வந்துவிட்டது, ஆள்தான் இல்லை. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சில கவுண்டிகளில் ஒருவர்கூட இல்லை.

அந்தக் காலி நிலத்தைத்தான் அரசு பணமாகப் பயன்படுத்தியது. ஆஸ்டினில் பெரிய தலைமைச் செயலகக் கட்டடம் எழுப்ப வேண்டும், கஜானாவில் காசில்லை. கட்டிக் கொடுப்பவர்களுக்கு முப்பது லட்சம் ஏக்கர் தருகிறோம் என்றார்கள். 1888-இல் கட்டடம் திறக்கப்பட்டது. அந்த நிலம் பத்துக் கவுண்டிகளில் பரவிய எக்ஸ்ஐடி என்ற மாட்டுப் பண்ணையானது. எக்ஸ் என்பது ரோமன் எண்ணில் பத்து, ஆகவே அது 'டெக்சாஸின் பத்து' என்று வழிகாட்டிகள் அழகாக விளக்குவார்கள். நம்பாதீர்கள். மாடு திருடுபவன் சூட்டுக்கோலால் எளிதில் திருத்த முடியாத குறி வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த எழுத்துகள் என்பதே பொருத்தமான விளக்கம்.

கோடு போட்டால் அது நிலைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கிரீர் கவுண்டியைக் கேளுங்கள்! 1819-இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் எல்லை ஒப்பந்தம் போட்டபோது, சிவப்பாறு வழியாக நூறாவது தீர்க்கரேகை வரை எல்லை என்று எழுதினார்கள். முன்னால் விரித்து வைத்த வரைபடத்தில் அந்த ரேகையே பிசகிய இடத்தில் இருந்தது. போதாக்குறைக்கு ஆறு மேலே போனால் வட கிளை, தென் கிளை என்று இரண்டாகப் பிரிகிறது. எது உண்மையான சிவப்பாறு? வட கிளைதான் என்றது டெக்சாஸ். இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலம் தன்னுடையது என்று 1860-இல் கிரீர் கவுண்டியை அறிவித்தது. பின்னால் மேங்கம் என்ற ஊரில் நிர்வாகமும் நடத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1896-இல் தென் கிளையே எல்லை என்று தீர்ப்பு வந்தது. டெக்சாஸ்காரர்களாகத் தூங்கி எழுந்த ஜனங்கள் ஓக்லஹோமா பிரதேசத்து ஆட்களாகிவிட்டார்கள். வீடு மாறவில்லை, வேலி மாறவில்லை. கிரீர் கவுண்டி இன்றும் ஓக்லஹோமாவில் இருக்கிறது, ஆனால் பழையதில் ஒரு பங்குதான்.

எனக்கு மிகப் பிடித்தது லவிங் கவுண்டி. காதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆலிவர் லவிங் என்ற மாட்டு வியாபாரியின் பெயர். மந்தை ஓட்டிப் போன வழியில் கொமாஞ்சே பழங்குடியினர் தாக்கிக் காயம்பட்டு, 1867-இல் நியூ மெக்சிகோவில் இறந்துபோனார். என்னை டெக்சாஸில்தான் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாராம். கூட்டாளி சார்லஸ் குட்நைட் வாக்குத் தவறாமல் உடலைக் கொண்டுவந்து வெதர்ஃபோர்டில் அடக்கம் செய்தார். அது பார்க்கர் கவுண்டி. பாருங்கள், இங்கேயும் பெயர் ஓரிடம், ஆள் ஓரிடம்.

லவிங் கவுண்டிக்கு நிர்வாகம் அமைந்தது இரண்டு முறை. 1893-இல் டென்வரிலிருந்து கால்வாய் வெட்ட வந்த கூட்டம் ஒன்று தேர்தல் நடத்தி அதிகாரிகளை உட்காரவைத்தது. ஓட்டுகள் உண்மைதானா என்பதே சந்தேகம். 1897-இல் அரசு அந்த நிர்வாகத்தைக் கலைத்துவிட்டது. அப்புறம் எண்ணெய் கிடைத்து, 1931-இல் மறுபடி தனிக் கவுண்டி. சுமார் 1,700 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர் இருக்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம். அதே மாநிலத்து ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் தனித்தனியே ஷெரிஃப் உண்டு.

பரப்பில் பெரியது பிரூஸ்டர் கவுண்டி. கனெக்டிகட் மாநிலத்தையே அதற்குள் வைத்துவிடலாம். எல் பாசோ, ஹட்ஸ்பெத் இரண்டு கவுண்டிகளிலும் மட்டும் கடிகாரம் மற்ற டெக்சாஸைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும்.

கடைசியாக உச்சரிப்பு. சான் அன்டோனியோ இருக்கும் கவுண்டியை எழுத்துக் கூட்டினால் 'பெக்சர்' என்று வரும். அப்படிச் சொன்னால் நீங்கள் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர் சொல்வது 'பேர்'. ஹூஸ்டன் வட்டாரத்துத் தமிழர்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் ஊர் பேர்லேண்ட், அது பேரிக்காய்த் தோட்டங்களால் வந்த பெயர். அந்த ஊர் இருப்பது 'பேர்' கவுண்டியில் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அது பிரசோரியா கவுண்டி. பிரசோஸ் ஆற்றால் வந்த பெயர். ஸ்பானிய மொழியில் அந்த ஆற்றின் முழுப் பெயருக்கு 'கடவுளின் கரங்கள்' என்று பொருள்.

நன்றி நேயர்களே, வணக்கம்.