தண்ணீருக்காக ஒரு ஸ்டேஷன்

எல்லாருக்கும் வணக்கம். ரயிலைப் பற்றிப் பேச நம்ம வேலூர் பக்கத்துக்காரர்களுக்குத் தனி உரிமையே உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்தது நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான். அந்தப் பெருமை இருக்கட்டும். இன்றைக்கு நான் பேசப்போவது ஊட்டி மலை ரயில் பாதையில் இருக்கும் ஹில்குரோவ் என்கிற சின்ன ஸ்டேஷனைப் பற்றி.

காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலைப் பிடித்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். சுமார் 18 கிலோமீட்டர் போனதும், ஏறத்தாழ 1,090 மீட்டர் உயரத்தில் ஹில்குரோவ் வரும். வண்டி நின்றதும் கூட்டம் டீக்கும் வடைக்கும் ஓடுகிறது, செல்ஃபி எடுக்கிறது, யார் கையிலிருந்தோ பஜ்ஜியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போகிறது, விசில் கேட்டதும் எல்லாரும் ஏறிவிடுகிறார்கள். சுற்றிலும் காடுதானே, இங்கே எதற்கு ஸ்டேஷன் கட்டினார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நீராவி இன்ஜினுக்குத் தாகம், அதுதான் காரணம். மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருவதால் இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரமும் எதையாவது கவ்விக்கொண்டே இருக்கும். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, கீழ் சிலிண்டர்களில் வேலை பார்த்த நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டர்களுக்கு அனுப்பி அந்தப் பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள், என்ன சிக்கனம் பாருங்கள்! இவ்வளவு சிக்கனமாக ஓட்டியும் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது, அதை நிரப்பத்தான் வண்டி ஹில்குரோவில் நிற்கிறது. திருச்சி பொன்மலையில் செய்த புது இன்ஜின்கள் சிலவற்றில் கரிக்குப் பதில் எண்ணெய் எரிகிறது, ஆனால் தண்ணீர்? அது வேண்டியதுதான்.

குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின் ஓடுகிறது, தண்ணீருக்கென்று நிற்க வேண்டியதில்லை. கீழேயும் டீசல் போட்டால் செலவு மிச்சம்தானே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போட்டால் ஹில்குரோவுக்கு வேலையே இல்லை. வேலூர் கன்டோன்மென்ட் வழியாகப் போன மீட்டர் கேஜ் பாதையில் நீராவி இன்ஜின் ஓடியதைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அப்புறம் அது காணாமலே போனதும் உங்களுக்கே தெரியும். யுனெஸ்கோ 2005இல் கொடுத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்கிற பட்டத்தைப் போர்டில் எழுதி வைத்தால் மட்டும் போதுமா? 1899இல் குன்னூர் வரை ஏறின அதே முறையில் இன்னமும் ஏறுகிறதே, அதை விட்டுவிடக் கூடாது.

சரி, அடுத்த முறை போகும்போது டீயைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டியின் கடைசிக்கு நடங்கள். மேலே ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்றுதான் தள்ளும், முன்னால் போய்த் தேடினால் கிடைக்காது.