ரொவனியெமியில் ஒரு மெழுகுவர்த்தி

(மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு செல்லவிருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்னும் சில வாரங்களில் நீங்கள் விமானம் ஏறப் போகிறீர்கள். விசா, இன்சூரன்ஸ், பெட்டியின் எடை எல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைக் குளிர்கால விடுமுறை பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்து மாதத்தில் இரண்டே வாரம், அதற்கு ஒரு தனிப் பேச்சா என்று தோன்றலாம். எனக்கு அந்தப் பத்து மாதத்தையும் தூக்கி நிறுத்தியது அந்த இரண்டு வாரம்தான். அதனால் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் போனது பின்லாந்துக்கு. 2012 ஆகஸ்டில் போனேன், அப்போது பதினாறு வயது. ஹெல்சிங்கிக்கு அருகே ஒரு வீடு. ஹோஸ்ட் அம்மா, ஹோஸ்ட் அப்பா, ஆறு வயதில் ஒரு தம்பி. என்னை வீட்டில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஓர் அறையையும் சாப்பாட்டு மேசையில் ஓர் இடத்தையும் மனமுவந்து தந்தார்கள். இந்த வழக்கம் வந்த பாதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர் பரிமாற்றம் நடத்தும் ஏஎஃப்எஸ் அமைப்பு, முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் தொண்டர்களிடமிருந்து வந்தது. இரண்டாம் போரையும் பார்த்து முடித்த பிறகு, 1947-ல், பள்ளிப் பிள்ளைகளை வேறொரு நாட்டுக் குடும்பத்தில் தங்கவைக்க ஆரம்பித்தார்கள். 1951-ல் அதே போன்ற இன்னொரு அமைப்பான ஒய்எஃப்யூ தொடங்கியபோது முதலில் போனவர்கள் ஜெர்மானியப் பிள்ளைகள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவை அமெரிக்கக் குடும்பங்கள். போர் முடிந்து ஆறே வருடம்! அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாள் சோறு போட்ட தாய்மார்களைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நவம்பர் கடைசியில் வீட்டிலிருந்து போன் வந்தது. தாத்தா இறந்துவிட்டார். நான் கிளம்பி வந்தாலும் முகம் பார்க்க முடியாது, அங்கேயே இரு என்று அப்பா சொன்னார். இருந்தேன். ஆனால் அறையை விட்டு வெளியே வரவில்லை. டிசம்பரில் ஹெல்சிங்கியில் மூன்றே கால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பள்ளிவிட்டு வரும்போதே இருட்டு. அந்த இருட்டோடு நானும் கதவைச் சாத்திக்கொள்வேன். ஹோஸ்ட் அம்மா எதையும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே டீயை வைத்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு ரொவனியெமியில் இருக்கும் மும்மோ வீட்டுக்குப் போகிறோம் என்று ஒருநாள் சொன்னார்கள். மும்மோ என்றால் பாட்டி. ரொவனியெமி என்ற பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர், கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று உலகத்துக்கே தெரிந்த இடம் அல்லவா! உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். வடதுருவ ஒளி, நாய்கள் இழுக்கும் வண்டி, கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம், பனிச்சறுக்கு என்று ஏழு விஷயங்கள். ஹோஸ்ட் அம்மா அதைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தார். "பார்க்கலாம்" என்றார். ஏழில் இரண்டுதான் நடந்தது. அந்த இரண்டும் இன்று எனக்குப் பெரிதாக ஞாபகமில்லை.

பசிலா நிலையத்தில் காரையே ரயிலில் ஏற்றினார்கள். இரவெல்லாம் ரயில், எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். காலையில் எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே பனி சுமந்த மரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நிலையத்தில் இறங்கியபோது மைனஸ் இருபத்து நான்கு டிகிரி. மூக்கினுள் முடி உறைவது தெரியும், அந்த அளவு குளிர்.

மும்மோவின் வீடு சின்னது, 1950-களில் கட்டியது. அந்த ஊரில் பழைய வீடு என்று தேடினால் அநேகமாகக் கிடைக்காது. 1944-ல் பின்வாங்கிப் போன ஜெர்மானியப் படை ஊரை எரித்துவிட்டது. கட்டடங்களில் பத்தில் ஒன்பது போய்விட்டன. அதன் பிறகு ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் புது ஊருக்கு வரைபடம் போட்டார். மேலிருந்து பார்த்தால் ரெயின்டீர் மானின் தலை போலவும், சாலைகள் கொம்புகள் போலவும் தெரியும். கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் என்று இன்று கூட்டம் குவிகிற இடத்தில் ஒரு மரக்குடில் நிற்கிறது. 1950-ல், மறைந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்த ஊரைப் பார்க்க வந்தபோது அவருக்காக அவசர அவசரமாகக் கட்டியது. அப்போது அது எரிந்து மீண்டுகொண்டிருந்த ஊர்.

போன முதல் நாளே மும்மோ எனக்கு வேலை வைத்தார். சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியல் அறைக்கு, விறகு கொண்டுவர வேண்டும். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நாற்பது அடி, முழங்கால் அளவு பனி. ஹோஸ்ட் அப்பா உதவிக்கு வந்தபோது மும்மோ கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விருந்தாளியாக வந்த பெண்ணை இப்படி வேலை வாங்குகிறாரே என்று மனதுக்குள் நினைத்தேன். மூன்றாவது தடவை விறகோடு வந்தபோது அவர் அடுப்பருகே உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களில் பேச ஆரம்பித்தார்.

1944 செப்டம்பரில் அவருக்கு ஏழு வயது. சண்டை வருகிறது, ஊரைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு. பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்து முழுவதுமாகக் கிட்டத்தட்ட லட்சம் பேர் கிளம்பினார்கள். பாதிப் பேர் எல்லை தாண்டி ஸ்வீடனுக்கு. அவர் அம்மாவோடும் ஒரு பசுவோடும் நடந்து போயிருக்கிறார். ஸ்வீடனில் ஒரு பண்ணை வீட்டில் இடம் கிடைத்தது. மொழி தெரியாது. வந்த நாளிலிருந்து தினமும் ராத்திரி அழுகை. ஒரு நாள் அந்த வீட்டு அம்மா அவர் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, விறகுக் கொட்டகையைக் காட்டினாராம். "வேலை கொடுத்த அன்றைக்குத்தான் அழுவதை நிறுத்தினேன். அதுவரைக்கும் அந்த வீட்டில் நான் இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது அவர்கள் வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றதாம்.

நான் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் இன்னொரு கூடை விறகு கொண்டுவந்தேன்.

இப்போது டிசம்பர் 24. பின்லாந்தில் பண்டிகை அன்றைக்குத்தான். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். துர்கு நகரத்தில் ஒரு மாடத்திலிருந்து கிறிஸ்துமஸ் அமைதி அறிவிப்பைப் படிப்பார்கள். நூற்றாண்டுகளாக நடக்கிற வழக்கம், வானொலியில் 1935-லிருந்து வருகிறது. அப்புறம் பாலில் வெந்த அரிசிக் கஞ்சி. மேலே சர்க்கரையும் லவங்கப்பட்டைப் பொடியும். கஞ்சியில் ஒரே ஒரு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும், கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். அன்று தம்பிக்குத்தான் கிடைத்தது.

மூன்று மணிக்குக் கல்லறைக்குக் கிளம்பினோம். நன்றாக இருட்டிவிட்டது. அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை. பின்லாந்தில் கிறிஸ்துமஸ் மாலையில் ஊரே தன் இறந்தவர்களைப் பார்க்கப் போகும். ஒவ்வொரு கல்லறையின் முன்னாலும் பனிக்குள் ஒரு மெழுகுவர்த்தி. நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக. பனி அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவதால் தரையே உள்ளிருந்து எரிவது போலிருக்கும். அத்தனை கூட்டத்திலும் பூட்ஸ் பனியில் நொறுங்கும் சத்தம்தான் கேட்கும்.

மும்மோவின் கணவருக்கு ஒன்று, அவருடைய அம்மாவுக்கு ஒன்று. வீட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்தபோது ஹோஸ்ட் அம்மா பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஓரமாக இருந்த ஒரு நினைவுக்கல்லுக்குக் கூட்டிப்போனார். அங்கே மெழுகுவர்த்திகள் நெருக்கியடித்துக்கொண்டு எரிந்தன. வேறிடத்தில் புதைக்கப்பட்டவர்களின் நினைவிடம் அது. அந்த நாட்டுக் கல்லறைகளில் அப்படி ஓரிடம் இருக்கும். போருக்குப் பிறகு கரேலியாவைச் சோவியத் யூனியனிடம் இழந்ததில் நான்கு லட்சம் பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள், தங்கள் கல்லறைகளையும் விட்டு வந்தார்கள். போய் விளக்கேற்ற முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஏற்றுவார்கள்.

"உன் தாத்தாவுக்கு" என்றார்.

என் தாத்தாவைப் புதைக்கவில்லை, எரித்தார்கள். அதைச் சொல்ல என் பின்னிஷ் போதவில்லை, சொல்லவும் தோன்றவில்லை. கையுறையைக் கழற்றினேன். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதும் அணைந்துவிட்டது. விரல் மரத்துப்போய் குச்சியைப் பிடிப்பதே தெரியவில்லை. மும்மோ குனிந்து, வெறுங்கையால் பனியைக் குடைந்து, காற்றுப் படாத ஒரு சின்னக் குழி செய்தார். மூன்றாவது குச்சியில் திரி பற்றியது. அன்று, தாத்தா இறந்து ஒரு மாதம் கழித்து, முதன்முறையாக வாய்விட்டு அழுதேன். யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு சவுனா, அப்புறம் சாப்பாடு, பரிசுகள். சவுனாவில் என் விறகு எரிந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்.

28-ஆம் தேதி காரில் இன்னும் வடக்கே, இனாரிக்குப் போனோம். 325 கிலோமீட்டர். அங்கே டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி பத்து வாக்கில் வரை சூரியன் உதிப்பதே இல்லை. காமோஸ் என்பார்கள். அதற்காகக் கும்மிருட்டு என்று நினைக்காதீர்கள். மதியம் இரண்டு மூன்று மணி நேரம் வானமும் பனியும் ஒரே நீலமாகிவிடும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே நின்றுகொண்டு வெளிச்சத்தை மட்டும் அனுப்புகிறது. அந்த வடபகுதியின் பழங்குடிகளான சாமி மக்களின் சீடா அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். ரெயின்டீர் வளர்க்கும் ஒருவரிடம் உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். பாங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அது சமம் என்று ஹோஸ்ட் அப்பா பிறகு சொன்னார். போகிற இடத்தில் கேள்வி கேட்குமுன் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வடதுருவ ஒளிக்கு அங்கே நரித்தீ என்று பெயர். ஐந்து இரவும் மேகம். பார்க்கவே இல்லை.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. இப்படி விடுமுறைப் பயணம் போகுமுன் ஹோஸ்ட் குடும்பத்தார் திட்ட அமைப்பிடமும் உங்களிடமும் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்பார்கள், தாமதிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பனிச்சறுக்குக்கும் பனி வண்டிக்கும் இன்சூரன்ஸ் செல்லுமா என்று பாருங்கள். யார் எந்தச் செலவை ஏற்பது என்பதைப் பேசிவிடுவது நல்லது, வெட்கப்பட வேண்டாம். இனாரியிலிருந்து நார்வே எல்லை காரில் இரண்டு மணி நேரத்துக்குள். பிள்ளையின் பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் எப்போதும் கூடவே இருக்கட்டும். இன்னொன்று: அந்த இரண்டு வாரம் தினமும் வீடியோவில் கூப்பிடாதீர்கள். என் அம்மா வாரம் ஒருமுறைதான் கூப்பிட்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தினமும் கூப்பிட்டிருந்தால் நான் மும்மோவின் அடுப்படியில் உட்கார்ந்திருக்க மாட்டேன், போனோடு மாடியில் இருந்திருப்பேன்.

பிள்ளைகளே, ஹோஸ்ட் ஃபேமிலி உங்களை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போவதில்லை. அவர்கள் வழக்கமாகப் போகிற இடத்துக்குப் போவார்கள். ஒரு பாட்டி வீடு, ஏரிக்கரையில் ஒரு பழைய குடில், ஒரு கல்லறை. சலிப்பாகத் தோன்றும். கூடப் போங்கள். பட்டியல் எழுதுங்கள், தப்பில்லை. வேலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் கேளுங்கள்.

மும்மோ 2019-ல் காலமானார். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு டிசம்பர் 24 மாலையும் ஹோஸ்ட் அம்மா எனக்கு இரண்டு படம் அனுப்புகிறார். ஒன்றில் மும்மோவின் கல்லறை. இன்னொன்றில் அந்த ஓரத்து நினைவுக்கல், பனியைக் கையால் குடைந்து செய்த ஒரு குழி, அதற்குள் ஒரு மெழுகுவர்த்தி.