தந்தமில்லாத பெண் யானைகள்

நண்பர்களே, வணக்கம். போர் காட்டை அழிக்கிறது என்றதும் குண்டு விழுவதும் மரம் எரிவதும்தான் நம் நினைவுக்கு வரும். அதுவும் நடக்கும்தான். ஆனால் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் கொரங்கோசா தேசியப் பூங்காவில் விலங்குகளைத் தீர்த்துக்கட்டியது குண்டுவீச்சு அல்ல.

அந்த நாட்டில் 1977 முதல் 1992 வரை அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் உள்நாட்டுப் போர். 1981இல் பூங்காவின் தலைமையகமான சிதெங்கோவைக் கிளர்ச்சியாளர்கள் தாக்கினார்கள். 1983இல் பூங்காவையே மூடிவிட்டார்கள். காவலர்கள் போய்விட்டார்கள், அப்புறம் கேட்பாரில்லை. இரு தரப்புப் படைகளும் இறைச்சிக்காகவும், ஆயுதம் வாங்கத் தேவைப்பட்ட தந்தத்துக்காகவும் சுட்டுத் தள்ளின. சுமார் 2,500 யானைகளில் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. மற்ற பெரிய விலங்குகளுக்கும் ஏறக்குறைய இதே கதி.

சரி, 1992 அக்டோபரில் ரோமில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதே, அதோடு வேட்டை நின்றதா? இல்லை. மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு அது ஓயவில்லை. துப்பாக்கி ஊரில் இருக்கிறது, பசி வீட்டில் இருக்கிறது, காவலர் மட்டும் இன்னும் வரவில்லை. பசித்தவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு செய்தி உண்டு. போருக்கு முன் அங்கிருந்த பெண் யானைகளில் 18.5 சதவீதத்துக்குத் தந்தம் கிடையாது. போருக்குப் பின் அது 51 சதவீதம் ஆனது. தந்தமில்லாத யானையைச் சுட்டு என்ன லாபம்? அதனால் அவை தப்பின, தங்கள் மகள்களுக்கும் அதே குணத்தைக் கொடுத்தன. 2021இல் வெளிவந்த ஆய்வு இதற்கான மரபணுவை எக்ஸ் குரோமோசோமில் தேடிப் பிடித்தது. அந்த மரபணுவைப் பெறும் ஆண் கரு பிழைப்பதில்லையாம். ஆக, சுடப்பட்ட யானைகளோடு கணக்கு முடியவில்லை. பிறக்காமலே போன ஆண் கன்றுகளையும் சேர்க்க வேண்டும்.

இப்படிப் பேசினால், போரால் விலங்குகளுக்கு நன்மையும் உண்டு என்று உடனே சிலர் கொரியாவைக் காட்டுவார்கள். 1953 முதல் வட, தென் கொரியாக்களுக்கு நடுவே 4 கிலோமீட்டர் அகலத்தில் ஆளில்லாத பட்டை ஒன்று கிடக்கிறது. அரிய கொக்குகள் அங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உண்மைதான். ஆனால் அங்கே சண்டை நடக்கவில்லை. இரண்டு ராணுவங்கள் எதிரெதிரே நின்று, சம்பளமில்லாக் காவலர் வேலை பார்க்கின்றன, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. 1946 முதல் 2010 வரை அங்குள்ள வனவிலங்குக் காப்பகங்களில் 70 சதவீதத்துக்கு மேல் சண்டையைப் பார்த்திருக்கின்றன. எவ்வளவு பெரிய சண்டை என்பதைவிட, எத்தனை முறை வந்தது என்பதுதான் விலங்குகளை அதிகம் பாதித்திருக்கிறது.

கொரங்கோசா இன்று மெல்ல மீண்டு வருகிறது. இடையில் அங்கே மறுபடி சண்டை மூண்டது. 2019 ஆகஸ்ட் 1 அன்று அரசும் எதிர்த்தரப்பும் அதை நிறுத்தக் கையெழுத்திட்டன. கையெழுத்திட அவர்கள் கூடிய இடம் அதே சிதெங்கோ.