இலவு காத்த கிளி அல்ல, கேரி கூபியாக்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நல்ல பயிற்சியாளரை உருவாக்குவது அவர் ஆடிய களமா, அமர்ந்திருந்த பெஞ்சா? பெஞ்சுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். வீரராகப் பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்திருந்து, பின்பு பயிற்சியாளரான கேரி கூபியாக்கின் பெயரை எங்கள் அணி சொன்னவுடன், எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "ஒன்பது ஆண்டுகள் இலவு காத்த கிளி" என்று அவரை ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனார். அவையும் கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு வலித்தது, நடுவர் அவர்களே. அதனால் என் நேரத்தின் பெரும்பகுதியை அந்த ஒரு மனிதருக்கே தருகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக் என்பவர் தாக்கும் அணியின் பதினொரு பேரில் ஒருவர். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். பயிற்சியாளரின் திட்டப்படி பந்தை வீசுவதும் ஓடுபவரிடம் கொடுப்பதும் இவர் வேலை. வீசும்போது யாருக்கு வீசுவது என்பது இரண்டு மூன்று நொடிகளில் இவர் எடுக்கும் முடிவு. மற்ற இடங்களில் ஆட்கள் மாறி மாறி இறங்குவார்கள். இந்த இடத்தில் அப்படி இல்லை. முதல் ஆளுக்கு அடிபட்டாலோ, அவர் ஆட்டம் அடியோடு கெட்டாலோ தவிர இரண்டாம் ஆளுக்கு வேலை கிடையாது. ஆனால் அந்த நொடி வந்தால், முதல் ஆளுக்குத் தெரிந்ததெல்லாம் இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கூபியாக் ஹூஸ்டனில் பிறந்தவர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக். 1983 ஏப்ரலில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டென்வர் பிராங்கோஸ் அணி அவரை எட்டாவது சுற்றில் 197ஆவது ஆளாக எடுத்தது. அதே டிராஃப்டின் முதல் ஆள் ஜான் எல்வே. எல்வேயை எடுத்தது பால்டிமோர் அணி. அங்கே ஆட மாட்டேன் என்று அவர் மறுக்க, ஒரு வாரத்துக்குள் பால்டிமோர் அவரை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. எந்த அணிக்கு? டென்வருக்கு. கூபியாக்கின் வேலை தொடங்கும் முன்பே அவருடைய இடம் போய்விட்டது. நாட்டின் தலைசிறந்த இளம் குவார்ட்டர்பேக் அவருக்கு முன்னால் வந்து நின்றார், பதினாறு ஆண்டுகள் நகரவும் இல்லை.

1983 முதல் 1991 வரை ஒன்பது பருவங்கள். அவற்றில் கூபியாக் முதல் ஆளாக இறங்கிய ஆட்டங்கள் ஐந்து. டென்வர் அந்தக் காலத்தில், லீகின் பட்டத்தை முடிவுசெய்யும் சூப்பர் பவுல் இறுதி ஆட்டங்கள் மூன்றுக்குப் போய் மூன்றிலும் தோற்றது. கடைசியில் 55-10 என்று தோற்றது. அவற்றைப் பெரும்பாலும் அவர் பக்கத்தில் நின்றே பார்த்தார்.

எதிரணி இதைத்தான் இலவு காத்தல் என்கிறது. கிளி என்ன செய்தது? காயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் குவார்ட்டர்பேக் பார்ப்பது காயை அல்ல. வாரம் முழுவதும் பயிற்சிக் களத்தில் அவர் எதிரி அணியின் குவார்ட்டர்பேக்காக நடிக்கிறார். தன் அணியின் தற்காப்பாளர்கள் பழகிக்கொள்வதற்காக, அந்த வாரம் வரப்போகும் எதிரியின் ஆட்டத்தை ஆடிக் காட்டுகிறார். அன்று ஆண்டுக்குப் பதினாறு ஆட்டங்கள் என்றால் பதினாறு முறை எதிரியின் மூளைக்குள் புகுந்து வர வேண்டும். ஆட்ட நாளில் பயிற்சியாளரின் தோளருகே நிற்கிறார். தலைக்கவசத்துக்குள் ரேடியோ வந்தது 1994இல்தான். அதற்கு முன்பு ஓரத்தில் நிற்பவர்களின் கையசைவில்தான் ஆட்டத் திட்டம் பெரும்பாலும் களத்துக்குள் போகும். எந்தத் திட்டம் எப்போது அழைக்கப்படுகிறது, அது ஏன் பலிக்கவில்லை, எதிரி எப்படி மாறினான் என்பதையெல்லாம் உள்ளே இருப்பவர் அடிவாங்கிக்கொண்டே ஊகிக்க வேண்டும். வெளியே நிற்பவர் முழுதாகப் பார்க்கிறார். பயிற்சியாளருக்கு வேண்டிய படிப்பு இது இல்லையா?

1992 ஜனவரியில் பஃபலோவில் மாநாட்டு இறுதி ஆட்டம், அதாவது லீகின் ஒரு பாதிக்கான இறுதி ஆட்டம்; வென்றால் சூப்பர் பவுல். தொடையில் அடிபட்டு எல்வே வெளியேறினார். கூபியாக் இறங்கினார். வீசிய 12 பாஸ்களில் 11 போய்ச் சேர்ந்தன. பந்தை எதிரியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பதுதான் டச்டவுன்; டென்வரின் ஒரே டச்டவுனையும் அவரே ஓடி எடுத்தார். 10-7 என்று அணி தோற்றது. வீரராக அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். "பாருங்கள், களம்தானே அவரைக் காட்டியது" என்று எதிரணித் தோழி கேட்டார். நான் திருப்பிக் கேட்கிறேன், தோழி: ஒன்பது ஆண்டுகளில் ஐந்தே முறை முதல் ஆளாக இறங்கியவர், குளிரில் உறைந்த உடம்போடு உள்ளே வந்து பன்னிரண்டுக்குப் பதினொன்று வீசினார் என்றால், அந்தத் தயார்நிலை எங்கே சேர்ந்தது?

பிறகு பயிற்சியாளர் வாழ்க்கை. கல்லூரியில் இரண்டு ஆண்டுகள். 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர், மாணவர் ஸ்டீவ் யங். ஜோ மாண்டனாவின் நிழலில் நான்கு பருவங்கள் காத்திருந்தவர் யங். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் ஆறு டச்டவுன் பாஸ் வீசினார். அடுத்த ஆண்டு மைக் ஷனஹன் டென்வருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனபோது, தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளராகக் கூபியாக்கை உடன் அழைத்துப் போனார். யாருக்குப் பின்னால் நின்றாரோ அந்த எல்வேக்கே இப்போது ஆசிரியர்! பொறாமை கொண்ட மனம் இதைச் செய்யாது. முன்பு மூன்று முறை தோற்ற எல்வே, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சூப்பர் பவுல் வென்றார். முதல் வெற்றியில் எல்வே வீசிய பாஸ்களால் அணி முன்னேறியது 123 கெஜ தூரம்தான். ஓடியே 157 கெஜமும் மூன்று டச்டவுனும் எடுத்தவர் டெரல் டேவிஸ், 1995 டிராஃப்டில் 196ஆவது ஆள். கூபியாக் 197. பெரிய தோள் ஒன்றின் மீது எல்லாச் சுமையையும் ஏற்றக் கூடாது என்று, அந்தத் தோளை ஒன்பது ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

2006இல் சொந்த ஊரான ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அங்கே அவர் ஆள் பொறுக்கிய விதம்தான் என் வாதத்தின் உயிர்நாடி. மாட் ஷாப், அட்லாண்டாவில் மைக்கேல் விக்குக்கு மாற்றாளாக உட்கார்ந்திருந்தவர். 2009இல் லீகிலேயே அதிகமாக 4,770 கெஜம் வீசினார். டிராஃப்டில் எவருமே தொடாத ஏரியன் ஃபாஸ்டர் 2010இல் 1,616 கெஜம் ஓடி லீகில் முதலிடம் பெற்றார். 2011இல் ஷாப் அடிபட்டார், அடுத்தவரும் அடிபட்டார், மூன்றாவதாக டி.ஜே. யேட்ஸ் என்ற புதுமுகம் இறங்கினார். லீக் சுற்றுக்குப் பின் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் அந்த அணி வரலாற்றின் முதல் வெற்றி அந்த மூன்றாம் ஆளின் கையில் வந்தது. சின்சினாட்டிக்கு எதிராக 31-10. முதல் ஆளாகவே வாழ்ந்த ஒருவர் தன் மூன்றாம் ஆளை அந்த அளவுக்குத் தயார்செய்து வைத்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஹூஸ்டன் கதை துயரமாக முடிந்ததை நான் மறைக்கவில்லை. 2013 நவம்பரில் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்திலேயே சரிந்து விழுந்தார். தொடர்ந்து பதினொரு தோல்விகளுக்குப் பின் டிசம்பரில் வேலை போயிற்று. தோற்றார், உண்மை. நாங்கள் அவரைத் தோற்காதவர் என்று சொல்லவில்லை.

எதிரணியின் வலுவான சான்று டாம் ஃபுளோரஸ். 1960இல் ஓக்லாந்து ரைடர்ஸின் முதல் குவார்ட்டர்பேக், பின்பு பயிற்சியாளராக இரண்டு சூப்பர் பவுல் வென்றவர் என்றார்கள். சரிதான். ஆனால் ஃபுளோரஸ் தன் ஆட்ட வாழ்க்கையை முடித்தது எங்கே? கன்சாஸ் சிட்டியில், லென் டாசனுக்கு மாற்றாளாக. பயிற்சியாளராக அவர் வென்ற முதல் கோப்பையைக் கொண்டுவந்தது யார்? முதல் ஆள் கால் முறிந்து போன பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஜிம் பிளங்கட். உங்கள் சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறார். எதிரணி பக்கம் சேரக்கூடிய இன்னொரு பெயர் பார்ட் ஸ்டார்; அவரை நான் நெஞ்சார மதிக்கிறேன். கிரீன் பே அணிக்காக ஐந்து பட்டங்கள் வென்ற குவார்ட்டர்பேக் அவர். அதே அணிக்கு ஒன்பது பருவங்கள் பயிற்சியாளராக இருந்தபோது வென்றதைவிடத் தோற்றதே அதிகம்.

இனி 2015. டென்வரின் நிர்வாகத் தலைவராக இருந்த எல்வே, தலைமைப் பயிற்சியாளராகத் தன் பழைய மாற்றாளை அழைத்தார். அணியின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங், வயது 39. நவம்பர் 15 அன்று கன்சாஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் மேனிங் லீக் வரலாற்றில் அதிக கெஜம் வீசியவர் என்ற சாதனையை எட்டினார். அதே ஆட்டத்தில் அவர் வீசிய 20 பாஸ்களில் 5 மட்டுமே சேர்ந்தன, நான்கு பாஸ்கள் எதிரி கையில் விழுந்தன. கூபியாக் அவரை வெளியே எடுத்தார். அத்தனை பெரிய பெயரை உட்காரவைக்கத் துணிவு வேண்டும். நான்காவது ஆண்டாகப் பெஞ்சில் இருந்த பிராக் ஆஸ்வைலர் அடுத்த ஏழு ஆட்டங்களைத் தொடங்கினார், அவற்றில் ஒன்றில் அதுவரை ஆடிய பத்திலும் வென்றிருந்த நியூ இங்கிலாந்து அணி தோற்றது.

2016 ஜனவரி 3, லீக் சுற்றின் கடைசி நாள். சான் டியேகோவுக்கு எதிராக டென்வர் 13-7 என்று பின்தங்கியிருந்தது. பந்து ஐந்து முறை பறிபோயிருந்தது, எல்லாம் ஆஸ்வைலரின் பிழை அல்ல. மூன்றாம் கால்பகுதியில் கூபியாக் பெஞ்சைப் பார்த்தார். ஏழு வாரங்களுக்கு முன் அவரே உட்காரவைத்த மேனிங் இப்போது இரண்டாம் ஆள், கையில் ஹெல்மெட். கூபியாக் அவரை எழுப்பினார். டென்வர் 27-20 என்று வென்றது. பிப்ரவரி 7 அன்று சான்டா கிளாராவில் நடந்த 50ஆவது சூப்பர் பவுலில் மேனிங் 23க்கு 13, வெறும் 141 கெஜம். தற்காப்பு அணி சுமந்தது, வான் மில்லர் ஆட்ட நாயகன், 24-10 என்று கோப்பை டென்வருக்கு வந்தது.

எதிரணியினர் மறுமொழியில் எனக்கு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. உட்காரவைக்கப்பட்ட மேனிங் உடைந்து போகாமல் தயாராக இருக்கிறார் என்பதை, அந்த மூன்றாம் கால்பகுதியில் ஓரத்தில் நின்ற கூபியாக் எதை வைத்துக் கண்டுகொண்டார்? தான் முதல் ஆளாக இறங்கிய ஐந்து ஆட்டங்களை வைத்தா, உட்கார்ந்திருந்த ஒன்பது ஆண்டுகளை வைத்தா? வணக்கம்.